அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

“லைட்டைப் போடுங்க சார். ஒண்ணுமே தெரியல” என்றது போன் வீடியோவில் வந்த பெண் குரல்.

சத்யவிரதன் மாஷுக்கு முகம் சுட்டது. கோழிக்கோட்டில் அந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும்போது அவர் லைட் போட்டதே இல்லை. கண் தெரியாதவருக்கு எதற்கு லைட்? தடவிப் போய் ஒரு சுவிட்சைத் தட்டினார். ஃபேன் நின்றது. இன்னொன்றைத் தட்டிவிட்டு, போன் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“இப்ப தெரியுதா?”

“தெரியுது சார். ஆனா உங்க காதுதான் தெரியுது.”

குரல் வருகிற பக்கம் காதைக் கொடுப்பது அவருக்கு ஐந்து வயதில் வந்த பழக்கம். அரசுப் பள்ளியில் சரித்திரம் நடத்தும்போதும் அப்படித்தான். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு அவர் இடது காதுதான் கிடைக்கும். அவசரமாகத் தலையைத் திருப்பி முகத்தைக் காட்டினார்.

இவ்வளவு பாடும் ஒரு பேங்க் கணக்குக்காக. பழைய பேங்கில் அவர் கையெழுத்துப் போடும்போதெல்லாம் சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்பார்கள். சாட்சிக்கு மச்சான் போவான். மாஷிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அன்று சாயங்காலத்துக்குள் மனைவி வீட்டார் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஒரு காரியமாவது நாமே செய்ய வேண்டும் என்று ஆன்லைன் பேங்காகத் தேடினார். முதல் பேங்கின் ஆப்பில், போன் படித்துக் காட்டும் குரல் எங்கே தொட்டாலும் “பட்டன், பட்டன்” என்றே சொன்னது. எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கி, நகைக் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டார். இரண்டாவது பேங்க், படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொன்னது. மூன்றாவதான இதுதான் தடங்கல் இல்லாமல் போனது. ‘உங்கள் சிரமம் புரிந்தவரே உங்களோடு பேசுவார்’ என்று விளம்பரம் வேறு.

அந்த மகிழ்ச்சியில் மாஷ் ஆழம் தெரியாமல் காலை விட்டார். கண் தெரியாத ஆசிரியர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ‘யார் துணையும் இல்லாமல் கணக்குத் திறந்துவிட்டேன். நீங்களும் தைரியமாக வரலாம்’ என்று அன்று காலையே சங்கக் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் வீடியோவில் முகம் காட்ட வேண்டும் என்று பேங்கிலிருந்து சேதி வந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அறுபத்திரண்டு பேர் அவர் பேச்சைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். பெயரோ சத்யவிரதன்.

“ஸ்கிரீன்ல ஆறு நம்பர் வரும் சார். நீங்களே படிக்கணும்” என்றது அந்தப் பெண் குரல்.

மாஷ் தொட்டுப் பார்த்தார். “படம்” என்றது போன். மறுபடி தொட்டார். மறுபடியும் “படம்.” நேரம் முடிந்து அழைப்பு அறுந்தது.

அடுக்களையில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்த மனைவி விலாசினியை, தலையைக் குனிந்துகொண்டே போய் அழைத்து வந்தார். தனியாகச் செய்கிறேன் என்று காலையில் கதவைச் சாத்தியவர் அவர்.

“சாட்சிக்கு என் அண்ணன் ஆகாது, நான் ஆவேனா?” என்றபடி கையைத் துடைத்தாள்.

பேங்கில் மாற்றுத்திறனாளிகளோடு பேசும் மேசையில் இருந்தது ஒரே ஒருத்தி. மறுபடியும் அவளேதான் எடுத்தாள். பெயர் ஜிஸ்னா என்றாள். விலாசினி வாயைத் திறப்பதற்கு முன்பே, “சார், வளையல் சத்தம் கேக்குது. ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது. ரூல்” என்றாள்.

“அது பக்கத்து வீட்டுல” என்றார் மாஷ். அன்றைய இரண்டாவது பொய்.

“மன்னிக்கணும் சார்” என்று வைத்துவிட்டாள். என்ன காது இவளுக்கு என்று மாஷ் அசந்துபோனார்.

மூன்றாவது முறை விலாசினி வளையலைக் கழற்றி வைத்தாள். மாஷின் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அவர் கக்கத்து இடுக்கு வழியாகத் திரையைப் பார்ப்பதாக ஏற்பாடு. நான்கு என்றால் முதுகில் நான்கு தட்டு. பூஜ்யத்துக்கு ஒரு கிள்ளு. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நேர்மையைப் போதித்தவர் கக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நம்பர் சொல்லுங்க சார்.”

“நாலு” என்றார். “ஏழு. ஸ்ஸ்... பூஜ்யம்.” விலாசினிக்கு நகம் நீளம். “அம்மாடி, இன்னொரு பூஜ்யம்.”

மறுமுனையில் யாரோ சிரிப்பை அடக்குவதுபோல் காற்று மட்டும் வந்தது. பிறகு ஜிஸ்னா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சார், உங்க கக்கத்துல ஒரு கண்ணு தெரியுது.”

விலாசினி பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். மாஷ் கையை இறக்கினார். தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. மச்சான் அவர் பணக் கணக்கைச் சொந்தக்காரர்களிடம் சொன்னபோதுகூட அவர் இப்படிக் கூசியதில்லை. அது அடுத்தவன் செய்த அவமானம், இது அவரே தேடிக்கொண்டது.

“என் பொண்டாட்டிதான்மா” என்றார். “தனியாவே கணக்குத் திறந்துட்டேன்னு சங்கத்துல பொய் சொல்லிட்டேன். நான் சொன்னதை நம்பி எல்லாரும் உங்க பேங்குக்கு வரப்போறாங்க. இந்த ஆள் ஏமாத்தினான்னு எழுதிக்கோ. நாளைக்கு நானே எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடறேன். துணை இல்லாம நம்மால ஆகாதுன்னு.”

அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜிஸ்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மாஷே, எங்க ரூம்லயும் வேற யாரும் இருக்கக் கூடாதுதான். எனக்கும் கண்ணு தெரியாது. காது தெரியுது, கக்கத்துல கண்ணு தெரியுதுன்னு எனக்குப் பாத்துப் பாத்துச் சொன்னதெல்லாம் எங்க கேன்டீன் சேச்சி.”