பல்சக்கரம் கடித்த பட்டுச்சேலை

முதன்முதலாகச் சொந்தமாக ஒன்றைச் செய்கிறவர்களுக்கு, அதை ஊர் பார்த்தால் மட்டும் போதாது. அது அசையவும் வேண்டும். எனக்கும் அந்த வியாதி முற்றியிருந்தது.

குன்னூர் பக்கத்தில் ஒரு எஸ்டேட் புல்வெளியில் வைக்கப் பெரிய மரச்சிற்பம் கேட்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குச் செய்தேன். வெளியே தேயிலைத் தொழிற்சாலை போல நாலு பக்கமும் ஜன்னல் வரிசை. உள்ளே, மலை ரயில் ஏறுமே, அந்த மாதிரிப் பல் வைத்த தண்டவாளமும் அதைக் கவ்வி நிற்கும் பெரிய பல்சக்கரமும். வெளியிலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் ஒவ்வொரு பல்லாக மேலே ஏறும். பின்னால் உருளாதபடி ஒரு மரத்தடுப்பும் உண்டு. (அந்தத் தடுப்பின் பெருமையைக் ஊட்டி காந்தலில் எங்கள் தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது.) கூரை மட்டும் வைக்கவில்லை. எஸ்டேட்காரர்களுக்கு வானம் தெரிய வேண்டுமாம்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. "பேங்க் பரீட்சை எழுதியிருந்தா இந்நேரம் ஏசி ரூம்ல உக்காந்திருப்பே கண்ணு" என்பார். (ஊட்டியில் ஏசி எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.) ஆனாலும் திறப்பு விழாவன்று தன் பச்சைப் பட்டுச்சேலையை எனக்குக் கட்டிவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

முந்தின நாளெல்லாம் விடாத மழை. சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற என்ஜினியர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு தச்சுவேலை பார்த்த ரஃபி வந்து காதில் சொன்னான்: "அக்கா, மரம் ஊறிப்போச்சுங்க. சக்கரம் அசைய மாட்டேங்குது."

சும்மா விட்டிருக்கலாம். சிற்பம் அசையவில்லை என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை. நானோ கீழ் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, சக்கரத்துக்குத் தோள் கொடுத்து, "இப்ப வெளிய இருந்து சுத்து" என்றேன். அசைந்தது. சரியாக ஒரு பல். அந்தப் பல்லோடு என் முந்தானையும் போய்விட்டது.

"பின்னால திருப்பு ரஃபி."

"எப்படிங்கக்கா? நீங்கதான தடுப்பு வெச்சீங்க."

முன்னாலும் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜன்னலில் தலையை நீட்டி வணக்கம் சொன்னேன். இதுவும் சிற்பத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. என்ஜினியர் குனிந்து தடுப்பைப் பார்த்துவிட்டு, "நல்லா உறுதியா செஞ்சிருக்கீங்கம்மா" என்றார். அழுகையே வந்துவிட்டது.

அப்போது அம்மா எழுந்தார். ரிப்பன் தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்குள் குனிந்து நுழைந்தார்.

"அம்மா, உன் பட்டு."

"பட்டு கெடக்குது. நீ ஆடாம நில்லு."

வெட்டிவிட்டார். ரிப்பனை அதற்கப்புறம் யாரும் வெட்டவே இல்லை.

வேலை முடிந்தும் அம்மா வெளியே வரவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் தேயிலைச் சரிவு ஒவ்வொரு துண்டாகத் தெரிந்தது. தலைக்கு மேலே மூடுபனி போய்க்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்குது கண்ணு."

அதைக் கேட்டு என்ஜினியரும் நுழைந்தார். பிறகு கூட்டமே வரிசையில் நின்றது. பேங்க் பரீட்சைப் பேச்சு அன்றோடு நின்றுபோயிற்று. அதற்குப்பின் நான் செய்த சிற்பங்கள் எல்லாமே ஆள் உள்ளே போய் நிற்கிற மாதிரிதான். எதுவும் சுற்றாது.

இப்போதும் எனக்குச் சேலை எடுக்கப் போனால், அம்மா சிரிக்காமல் கடைக்காரரிடம் கேட்பார்: "ஏனுங்க, இதவிட ஒரு முழம் நீளமா இருக்குங்களா? சக்கரத்துக்கும் கொஞ்சம் வேணும்."