நாலு ஞாயிறு ரிப்பேர்

திறந்து கிடக்குற ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்துல உக்காந்திருக்குற ஆம்பளைய எந்தப் பொண்டாட்டியும் வேலைக்குக் கூப்பிட மாட்டா. இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடிச்சவரு வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல பெக்டரி வேலை பாக்குற நம்ம அழகுமுத்துதான்.

ஆம்ப் என்னமோ நெசமாத்தான் செத்துப்போச்சு. கல்யாணத்துக்கு வாங்கினது. ரெண்டு ஸ்பீக்கரோட இருவது வருசமா லயத்து வீட்டு வரிசையையே அதிர வச்சது. ஒரு ஞாயித்துக்கிழமை சுவிச்சைப் போட்டா லைட்டும் இல்ல, மூச்சும் இல்ல. மனுசன் மூடியைக் கழட்டி, டெஸ்டர வச்சு அங்க தொட்டு இங்க தொட்டு, கடைசியில பார்த்தா பியூஸ் போயிருக்கு. பக்கீர் நானா கடைக்கு ஓடி ஒரு பியூஸ் வாங்கிட்டு வந்து மாட்டினாரு. பச்சை லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு.

அப்பதான் மணியப் பார்த்தாரு. நாலு! காலையில இருந்து ஒருத்தரும் அவர விறகுக்குப் போகச் சொல்லல. கிழங்குப் பாத்தி கொத்தச் சொல்லல. பொண்டாட்டி நிஷாந்தி தனியாவே மலையேறி விறகு கொண்டுவந்து போட்டிருந்தா. அடடா, ஞாயித்துக்கிழமைன்னா இதுதான்யா ஞாயித்துக்கிழமை! அழகுமுத்து சத்தமில்லாம பியூஸைக் கழட்டி சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சாரு.

அதுக்கப்புறம் வாராவாரம் ரிப்பேர். காதுல ஸ்குரூ டிரைவர், முன்னால திறந்த ஆம்ப், ஆம்புக்குப் பின்னால போன், போன்ல கிரிக்கெட்.

"என்னாங்க, இன்னும் சரி வரலியா?"

"கிட்ட வராத புள்ள, ஷாக் அடிச்சுரும்! பவர் பிரச்சினை. கரண்ட் உள்ள போகுது, வெளிய ஒண்ணும் வரமாட்டேங்குது."

"சோறு உள்ள போகுது, வேலை வெளிய வரல. உங்க ஆம்ப்தானே, வேற எப்படி இருக்கும்!"

"விளையாடாத. டிரான்ஸ்பார்மர் சூடாகுது. ஆற ஒரு நாளாவது வேணும்."

"பாவம். ஆறட்டும், ஆறட்டும்."

சொல்லிட்டு பிளேன்டீ வேற ஊத்திக் குடுத்தா. கேக்காமலே டீ வந்தப்பவாவது மனுசன் உசாராகியிருக்கணும். ஆகல.

நாலாவது ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணி. பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா ரைஸ் குக்கரோட வந்து நின்னா.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. அரிசி வேகவே மாட்டேங்குது."

அவ பின்னாலயே முத்துலிங்கம் பொண்டாட்டி அயன் பொட்டியோட வந்தா. அப்புறம் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் ரெண்டு, ஒரு பேன், ஒரு டோர்ச் லைட்டு, ஒரு கிரைண்டர். ஒம்பது மணிக்குள்ள ஏழு சாமான் வாசல்ல வரிசையா உக்காந்திருச்சு.

"யாரு புள்ள இதெல்லாம் கொண்டாரச் சொன்னது?"

"நாந்தான். டிரான்ஸ்பார்மருக்கே வைத்தியம் பாக்குறவருக்கு கேத்தல் எம்மாத்திரம்? சாயந்தரம் வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டேன்."

"ஐயையோ!"

"ஏங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னா! ஆனா... கிழங்குப் பாத்தி காடாக் கிடக்கே. மண்ணு ஈரமா இருக்கப்பவே கொத்திரணும். மம்பட்டி எங்க?"

"கதவுக்குப் பின்னால. நேத்தே தீட்டி வச்சுட்டேன்."

அன்னைக்கு அழகுமுத்து நாலு பாத்தி கொத்தினாரு. வீட்டுக்குப் போனா ஏழு சாமானும் மொறைக்குமேன்னு பயந்து விறகுக்கும் ஏறினாரு. ஒரு கட்டு போதாதுன்னு ரெண்டு கட்டு. இடுப்பு கழண்டு போச்சு.

சாயந்தரம் பனிமூட்டத்துல இறங்கி வாராரு, லயமே அதிருது. அவரோட ஆம்ப் பாடுது! அவரோட கதிரையில நிஷாந்தி கால்மேல கால் போட்டுக்கிட்டு பிளேன்டீ குடிக்கிறா.

"யாரு புள்ள சரிபண்ணா?"

"நாந்தான் பியூஸை மாட்டினேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமி படத்த இறக்கித் தொடைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

அழகுமுத்துவுக்கு மூஞ்சி எங்க வைக்கிறதுன்னு தெரியல. விறகை அப்படியே போட்டுட்டு வாசலைப் பார்த்தாரு. ஏழு சாமான்ல ஒண்ணக்கூடக் காணோம். நாலு ஞாயிறா அவரு இழுத்தடிச்ச ரிப்பேரை இவ ஒரே நாள்ல முடிச்சுட்டாளே, அந்தச் சாமானையும் இவளே சரிபண்ணிட்டாளோன்னு நேரா பக்கத்து வீட்டுக்குப் போனாரு. அங்க குக்கர் மூடி தடதடன்னு ஆட, ஆவி பறக்குது.

"அக்கா, குக்கர யாரு சரிபண்ணா?"

வீரம்மா சிரிப்ப அடக்கிக்கிட்டு அகப்பையைக் கையில எடுத்தா.

"அது என்னைக்குத் தம்பி கெட்டுப்போச்சு?"