பால், முட்டை, வெண்ணெய் வேண்டாம்

"பை தைக்கதுக்கு எங்க தெருவுல நல்ல டெய்லர் இருக்கான் டீச்சர். சொல்லி விடவா?" என்று கேட்டார் பள்ளிக்கூடக் கிளார்க் ஆவுடைநாயகம்.

இன்பமணி அவர் கொடுத்த துண்டுச்சீட்டை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

'காயல்பட்டினம் ஜுபைதா பீவி போன். சனி பகல் வருகை. மாங்காய்ப் பை செய்யவும். பால், முட்டை, வெண்ணெய் வேண்டாம்.'

"இவ்வளவுதான் சொன்னாளா?"

"அஞ்சு நிமிஷம் பேசினாவ. நான் சாரத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்றார் ஆவுடைநாயகம் பெருமையாக. பத்துப் பக்கச் சுற்றறிக்கையையே இரண்டு வரியில் எழுதி, தலைமையாசிரியையிடம் பாராட்டு வாங்கியவர் அவர்.

இது தைக்கிற பை அல்ல, தின்கிற பை என்று அவருக்கு விளக்க இன்பமணிக்குத் தெம்பு இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், இதே பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, ஹாஸ்டல் வார்டனாக இருந்த வெள்ளைக்கார அம்மா மாங்காய் சீசனில் பை என்று ஓர் இங்கிலீஷ் பலகாரம் சுடுவார். மேலே மொறுமொறுவென்று மைதா மூடி, உள்ளே கருப்பட்டியில் வெந்த மாங்காய். இன்பமணி, ஜுபைதா, ருக்கு மூன்று பேரும் ஒரே தட்டில் அடித்துக்கொண்டு தின்பார்கள். அந்தப் பையில் பாதி வெண்ணெய்தான். வெண்ணெய் இல்லாமல் அதை எப்படிச் செய்வது?

முடியாது என்று சொல்லவும் வழியில்லை. போன வருஷம் ஜுபைதா மகள் கல்யாணத்துக்கு இன்பமணி போகவில்லை. அரசுத் தேர்வு நேரம், லீவு கிடைக்கவில்லை. ஜுபைதாவிடமிருந்து அதன் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. இப்போது அவளாகவே வருகிறேன் என்கிறாள். இந்தப் பையும் சொதப்பினால் அத்தோடு சரி.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மூன்று தடவை போன் போட்டுப் பார்த்தாள். காயல்பட்டினத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

வீட்டில் கணவர் கிருபைராஜ் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கல்லூரி நூலகர். அங்கே வருகிற வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படிக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

"இதுக்குப் பேரு வீகன்."

"ஐயோ, நோயா?"

"கொள்கை. உயிருள்ள எதுலேருந்து வந்ததையும் தொட மாட்டாங்க. பால், தயிர், முட்டை, தேன், எல்லாம் தள்ளுபடி."

"கறி?"

"அது முதல்லயே போச்சு."

"ஜுபைதாவா? ஹாஸ்டல்ல என் பங்கு ஆட்டுக்கறியையும் சேத்துத் திம்பாளே!"

"வீட்டுக்காரர் சவுதியில இருக்காருல்லா? அங்கன நாலு நாட்டுக்காரனும் இருப்பான். கொள்கை எந்த வழியா வேணும்னாலும் வரும்" என்றார் கிருபைராஜ். "நாம மதிக்கணும். வந்தவ மனசு நோகக் கூடாது. நாளையிலேருந்து வீட்டுல பால் வாடையே இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் பால்காரர் திருப்பி அனுப்பப்பட்டார். கிருபைராஜ் வரக்காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, வெகு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் டவுணிலிருந்து ருக்கு வந்தாள். நெல்லையப்பர் கோயில் பக்கம் வீடு. முட்டை இல்லாத சமையலில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் இன்பமணி அவளைத்தான் நம்பியிருந்தாள்.

"முட்டை சரிடி, தயிர் கூடவா வேண்டாங்கறா? அப்புறம் எப்படி உசிரோட இருக்கா?" என்றாள் ருக்கு. "போகட்டும், நல்லெண்ணெய் விட்டுப் பிசை. எங்காத்துல எல்லாத்துக்கும் அதுதான்."

பிசைந்தார்கள். பள்ளிக்கூடத்து மனையியல் அறையிலிருந்து வட்டமான கரண்ட் அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி, உள்ளே வைத்தார்கள். பாளையங்கோட்டையில் அன்றைக்கு வோல்டேஜ் இறங்கிக் கிடந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது மாவு வெந்திருக்கவில்லை. வீடு முழுக்க எண்ணெய்க் குளியல் வாடை.

"சீயக்காய் ஒண்ணுதான் குறை" என்றார் கிருபைராஜ். இரண்டு பெண்களும் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார்.

போனவர் திரும்பி வந்தார்.

"மாங்காய்க்கு என்ன போட்டே?"

"கருப்பட்டி."

"பதநீர்க் கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்கல்லா? அந்தச் சுண்ணாம்பு எதுலேருந்து வருது?"

"சிப்பியிலேருந்து" என்றாள் ருக்கு.

"சிப்பி யாரு? உயிர்."

இன்பமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "சீனி போடட்டுமா?"

"எலும்புக் கரி போட்டு வெளுக்காங்கன்னு ஒரு கட்டுரையில இருந்துச்சு."

"உப்பு?"

கிருபைராஜ் ரொம்ப நேரம் யோசித்தார். "உப்பு பரவாயில்ல" என்றார்.

கடைசியில் பேரீச்சம்பழம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை தேங்காய் எண்ணெய். ஏப்ரல் வெயிலில் அது தண்ணீராய் ஓடியது. வெண்ணெய் போல இறுகினால்தான் மாவு அடுக்கு அடுக்காக வரும். பக்கத்து வீட்டு ரீபாவிடம் பிரிஜ் இருந்தது. காலையில் கிண்ணத்தோடு கொண்டுபோய் வைத்தார்கள். சாயங்காலம் எண்ணெய் அழகாக, வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. முகர்ந்து பார்த்த ருக்கு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"அதே தட்டுல ரெண்டு கிலோ சீலா மீன் வச்சிருந்தேங்க்கா" என்றாள் ரீபா. "மூடி போடச் சொல்லியிருக்கலாம்லா?"

இரண்டாவது கிண்ணத்தை இறுக மூடி, ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்து உறையவைத்தார்கள். மாவு நன்றாகவே வந்தது. கரண்ட் அடுப்பை இனி நம்ப முடியாது என்று இன்பமணி பையைப் பக்கத்துத் தெரு பேக்கரிக்கு எடுத்துப் போனாள். பேக்கரிக்காரரின் மகள் அவளிடம் படிக்கிறாள்.

"பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கூடாது அண்ணாச்சி. சும்மா அடுப்புல வச்சு எடுத்தாப் போதும்."

"நீங்க பைய வீட்டுக்குப் போங்க டீச்சர். நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு மணி நேரத்தில் பை வந்தது. கண்ணாடி போல் மின்னியது. இன்பமணிக்கு இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"இம்புட்டுப் பளபளப்பு எப்படி அண்ணாச்சி?"

"நம்ம டீச்சர் வீட்டுப் பண்டம், அப்படியே விட மனசு வரல" என்றார் பேக்கரிக்காரர். "மேல ரெண்டு முட்டை அடிச்சுத் தடவிட்டேன். அதுக்குத் தனியா எதுவும் தர வேண்டாம்."

இன்பமணி வீட்டுக்கு வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். ருக்குவுக்கும் அழுகை வந்தது. கிருபைராஜ் முட்டை தடவிய மேல் மூடியைச் சுரண்டி எடுத்தால் கொள்கைப்படி சரிதானா என்று யோசித்து, சரியில்லை என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

"என் ஜுபைதாவுக்கு ஒரு வாய் ஒழுங்கா குடுக்க எனக்கு வக்கில்லையே ருக்கு" என்றாள் இன்பமணி. "மக கல்யாணத்துக்கும் போகல. இப்பம் இதுவும் இல்ல. நான்லாம் என்ன சிநேகிதி?"

"எழுந்திருடி. காலம்பற பார்த்துக்கலாம். நான் ஆத்துக்குப் போகலை, இங்கேயே இருக்கேன்."

சனிக்கிழமை விடிந்ததும் பழைய அலுமினியப் பானையில் ஆற்று மணலைப் பரப்பிக் கரியடுப்பில் ஏற்றினார்கள். மூடி மேலும் கங்கு. பை ஒரு வழியாக வெந்தது. அடிப்பாகம் கறுப்பு, மேல்பாகம் கல். கத்தி இறங்கவில்லை. தேங்காய் உடைக்கிற அரிவாளால் ஒரு போடு போட்டதும் விரிசல் விட்டது. வேறொன்று செய்ய நேரமில்லை.

அதற்குள் கிருபைராஜ் வீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தோல் செருப்பு எல்லாம் சாக்கில் கட்டிப் பரணுக்குப் போனது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பேண்டைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டார். அப்பா வைத்துவிட்டுப் போன வேதாகமத்துக்குத் தோல் அட்டை. அதைத் துண்டில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்தார்.

"ஆண்டவர் மன்னிப்பாரு. விருந்தாளி எப்படியோ" என்றார்.

இன்பமணி எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையைப் பார்த்தார். "புழு" என்றார் ஒரே வார்த்தையில். அவள் அதை மடித்து வைத்துவிட்டு, வெளுத்துப்போன நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு வாடகை அம்பாசடர் வந்து நின்றது. கிருபைராஜ் வெறுங்காலோடு கேட்டைத் திறக்க ஓடினார். சிமெண்டுத் தரை கொதித்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே "வாங்க, வாங்க" என்றார்.

ஜுபைதா இறங்கினாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். அவர் காலைப் பார்த்தாள். இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள். வாசலில் நின்ற இன்பமணியின் சேலையைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு வந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"இன்பம், ஏம்பிள்ள இப்படி மெலிஞ்சுபோயிட்ட?"

"மூணு நாளா சரியா சாப்பிடலட்டி. நீ உள்ள வா."

ஜுபைதா உள்ளே வந்து உட்கார்ந்தாள். ருக்கு வரக்காப்பி கொண்டுவந்தாள்.

"பால்..." என்று ஆரம்பித்தாள் ஜுபைதா.

"ஒரு சொட்டு கிடையாது!" என்றார் கிருபைராஜ் வேகமாக. "வியாழக்கிழமையோட நிப்பாட்டிட்டோம்."

"அல்லாவே" என்றாள் ஜுபைதா மெதுவாக. காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, "டிரைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே போனாள். டிரைவர் காரின் பின்பக்கத்தைத் திறக்கப் போனதையும், அவள் கையை ஆட்டித் தடுத்ததையும் இன்பமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்தபோது ஜுபைதாவின் கண் சிவந்திருந்தது.

"இன்னும் கோவமா இருக்கா போல" என்று ருக்கு காதில் சொன்னாள் இன்பமணி.

பை வந்தது. அரிவாளும் வந்தது.

"பாலு, முட்டை, வெண்ணெய் எதுவும் இல்ல ஜுபைதா. கருப்பட்டி, சீனி கூட இல்ல" என்றாள் இன்பமணி.

"எதுவுமே இல்லையா பிள்ள?" ஜுபைதாவின் குரல் உடைந்தது. "இருந்தும் எனக்காகச் செஞ்சிருக்கியே!"

முதல் துண்டை வாயில் போட்டு நிதானமாகக் கடித்தாள். எல்லோரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்த மாங்காயின் புளிப்பும் பேரீச்சையின் இனிப்பும் நாக்கில் பட்டிருக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வார்டனம்மா பை மாதிரியே இருக்கு" என்றாள்.

இரண்டாவது துண்டு கேட்டாள். மூன்றாவதும் கேட்டாள். ருக்குவும் எடுத்தாள். ஓட்டை உடைத்து ஒதுக்கிவிட்டு மாங்காயை மட்டும் வழித்துத் தின்றால் உண்மையாகவே நன்றாக இருந்தது. பழையபடி மூன்று பேரும் ஒரே தட்டில் கைவைத்தார்கள். வார்டனம்மாவின் தமிழை ருக்கு பேசிக் காட்டினாள். இன்பமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திடீரென்று ஜுபைதா அவள் கையைப் பிடித்தாள்.

"மக கல்யாணத்துக்கு நீ ஏன் வரலைன்னு எனக்கு இப்பம்தான் புரியுது இன்பம். அது தெரியாம உன் மேல கோவப்பட்டேன். என்னை மன்னிச்சிரு."

"நீயே புரிஞ்சுக்கிட்டியே, அது போதும்ட்டி" என்று அழுதாள் இன்பமணி.

"அண்ணனுக்கும் மச்சான்ட்டச் சொல்லி சவுதியில ஏதாச்சும் வேலை பாக்கச் சொல்லுதேன். அண்ணன் வெக்கப்படக் கூடாது."

பதினெட்டு வருஷமாக நிரந்தர வேலையில் இருந்த கிருபைராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவும் கொள்கையைச் சேர்ந்ததாக இருக்கும் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

அப்போது வாசலில் டிரைவர் வந்து நின்றார். முழங்கை வரைக்கும் மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. போ, போ என்று ஜுபைதா கண்ணைக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதிய அக்கா. பாவப்பட்ட வீடு, மனசு கஷ்டப்படுவாவ, இப்பம் எறக்காதன்னு சொன்னிய. ஆனா இதெல்லாம் டீச்சர் வாங்க வேண்டாம், நானே கொண்டு வாரேன்னு போன்ல சொல்லி நீங்க கொண்டாந்த சவுதி வெண்ணெய் அஞ்சு டின்னும் டிக்கியில உருகி ஓடுது, அந்தப் பால்பவுடரு, முட்டையவாது எறக்கட்டுமா?"