மழைக்காரர் கண்ணயர்ந்த மதியம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல, அதுதான் தொந்தரவு. தன் மானம் போன கதையை ஒரு மனிதர் எதற்காக இத்தனை ஆசையோடு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்?

அவர் என் நண்பர். மழைக்காரர் என்று பெயராகிவிட்டது, ஏனென்றால் இணையத்தில் மழை விற்றார். தகரக் கூரை மழை, இலை மேல் மழை, ஓய்ந்த பிறகு சொட்டும் மழை என்று பதிவு செய்து, சிடியில் போட்டு, தூக்கம் வராதவர்களுக்குத் தபாலில் அனுப்புவார். வானம் கொஞ்சம் கறுத்தால் மைக்கோடு மொட்டைமாடிக்கு ஓடுவார். துணி எடுக்க மனைவியும் ஓடுவார். அந்தத் தம்பதி சேர்ந்து ஓடியது அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

வீட்டில் வெளிச்சமான அறை ஒன்றே ஒன்று. அதில் தரையிலிருந்து கூரை வரை முப்பத்தாறு பெட்டி சிடி. மகள் பச்சைக் குழந்தையோடு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. தொட்டில் போட இடமில்லை. சிடியை விட்டுவிட்டு டவுன்லோடாக விற்றால் அறை காலியாகுமே என்று மனைவி மெல்ல ஆரம்பித்தார்.

"காத்தையா விக்கச் சொல்றே? வாங்கறவன் கையில என்ன இருக்கும்?"

"தூங்கறவன் கையில எதுக்குங்க ஏதாவது இருக்கணும்?"

பதில் வராதபோது ஆண்கள் செய்வதையே மழைக்காரரும் செய்தார்: சபதம். விலை போகாமல் ஒரு பெட்டிகூட அந்த அறையை விட்டு நகராது என்றார். மச்சினன் வேறு பக்கத்தில் இருந்து தொலைத்தான். சாட்சி வைத்துச் சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவது?

அந்த அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் காபியோடு வந்து, நீங்கள் சொன்னதுதான் சரி, கையில் பிடிக்கிற பொருள்தான் பொருள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் யாரோ ஒருவர் நடுவில் மழை திக்குகிறது என்று எழுதியிருக்கிறாராம்.

"பேர் கெட்டுடக் கூடாதுங்க. ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டுடுங்க. உங்க காது மாதிரி யாருக்கு வரும்?"

ஒரு சிடி ஒரு மணி நேரம். பெட்டிக்கு நூறு. கணக்கெல்லாம் மழைக்காரர் மனதில் ஏறவில்லை; காதைப் புகழ்ந்தது மட்டும் ஏறியது. அறை வாசலிலேயே சாய்வு நாற்காலியைப் போட்டு, வழிக்குக் குறுக்கே கால் நீட்டி, ஹெட்போனை மாட்டினார். மதிய வெயில் சுவரில் ஊர்ந்தது. காதுக்குள் இலை மேல் மழை. முதல் சிடியில் சுவர் மங்கியது. இரண்டாவதில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படகு போல் மிதந்து போவதாகக் கனவு வந்ததாம். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இளகிவிடும்.

விழித்தபோது சாயங்காலம். அறை துடைத்து விட்டாற்போல் இருந்தது. பெட்டிகள் மச்சினன் வேனில் ஏறி அவன் கிடங்குக்குப் போய்விட்டிருந்தன. ஜன்னலோரம் தொட்டில்.

கத்த வாயெடுத்தவர் முன்னால் அந்த அம்மா கணினியைத் திருப்பி வைத்தார். கடையின் முகப்பில், வாய் பிளந்து தூங்கும் மழைக்காரர். கீழே ஒரு வரி: விற்பவராலேயே விழித்திருக்க முடியவில்லை. அதற்கும் கீழே டவுன்லோட் பட்டன். அதற்குள் முப்பத்தொரு பேர் அழுத்தியிருந்தார்கள். சிடியில் ஒரு மாதத்துக்கு அவ்வளவு போனதில்லை.

"ஏமாத்திட்டாப்பா, தூங்கறப்போ ஏமாத்திட்டா" என்பார் ஒவ்வொரு முறையும், பரிசு வாங்கியவர் போல.

அந்தப் படம் இன்னும் அந்தக் கடையில் இருக்கிறது. போன வாரம் எனக்கும் தூக்கம் வராமல் ஒரு மழை வாங்கப் போனபோது அதை உற்றுப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் மச்சினன் ஒரு பெட்டியோடு வாசலைக் கடந்துகொண்டிருக்கிறான். அவர் முழங்கால்கள் இரண்டும் மார்போடு மடங்கியிருக்கின்றன.

மறுநாளே போய்க் கேட்டேன்:

"ஏம்ப்பா, நிஜமாத் தூங்கறவன் பெட்டி போக வழிவிட்டுக் காலை மடக்கிக்குவானா?"