சந்து பொறாத மனிதர்

இடைவெளியைக் கண்டால் நெஞ்சு பதறும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் அரையடி நகர்ந்தால் இவர் வந்து முதுகில் ஒட்டுவார்; புத்தக அலமாரியில் ஓரிடம் காலியாக இருந்தால் பழைய மாத்திரை டப்பாவையாவது செருகுவார்; யாராவது பேச்சின் நடுவே மூச்சு வாங்கினால் போதும், மீதி வாக்கியத்தைத் தாமே முடித்துவைப்பார். தப்பாகத்தான் முடிப்பார். அதனால் என்ன? சந்து அடைபட்டதல்லவா!

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவரை அலுவலகத்தில் பட்டிக்காரர் என்பார்கள். சுவர்க் கீறலில் பட்டி பூசுவதுபோல எதையும் பூசி மூடிவிடுவார். அவர் கையில் போய்ச் சிக்கியது, மனைவியின் மேலண்ணம்.

அந்த அம்மாளுக்கு அண்ணம் குறுகல். பல்லுக்கு இடம் போதாது, மூக்கில் மூச்சுக்கு வழி போதாது. கல்யாணமான நாளிலிருந்து குறட்டை. சிறுவயதென்றால் அண்ணத்தை விரிக்க ஒரு திருகு வைத்தாலே போதும். வளர்ந்தவர்களுக்கு எலும்புப் பொருத்துகள் இறுகிப்போயிருக்கும். ஆகவே மருத்துவர் அறுவை செய்து அவற்றைத் தளர்த்தி, அண்ணத்தில் ஒரு சின்னத் திருகை வைத்து, அதன் சாவியைக் கணவரிடம் கொடுத்தார்.

"தினமும் ஒரு தடவை, முன்னாலேருந்து பின்னால தள்ளுங்க. நடு அண்ணம் பிரியும். கன்னம், மூக்கோரம்னு மத்தப் பொருத்துகளும் கொஞ்சம் கொஞ்சமா நெகிழ்ந்து கொடுக்கும். பிரிஞ்ச இடத்துல புது எலும்பு தானா வளரும். முன்பல்லுக்கு நடுவுல சந்து விழுந்தா உடனே..."

"மூடிடணும். புரிஞ்சிடுச்சு டாக்டர்."

"சந்தோஷப்படணும் சார்!"

சில நாளில் சந்து விழுந்தது. அம்மாள் கண்ணாடி முன் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, காத்து வருதுங்க! இத்தனை வருஷம் இந்த மூக்கு, கண்ணாடி மாட்டத்தான் இருந்துச்சு."

பட்டிக்காரருக்குக் காற்றா தெரிந்தது? சந்துதான் தெரிந்தது. அவள் சாப்பிடும்போது தெரிந்தது, சிரிக்கும்போது தெரிந்தது, தாம் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தது. எலும்பு தானாக வளருமாம்! அதுவரை கையைக் கட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? மறுநாள் அவள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும், சாவியைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளப் போனார். ஒரே ஒரு தடவை.

"ஆ! ஆஆ!" என்றாள்.

"ஆமாங்கறே. தெரியுது, தெரியுது" என்று வாக்கியத்தை முடித்துவைத்தார்.

கடித்துவிட்டாள்.

விரலைப் பார்த்தார். இரண்டு பல் தடம்; நடுவே அழகான சந்து.

"எந்தப் பக்கம் போகுதுன்னு என் நாக்குக்குத் தெரியாதா? திரும்பவும் வாயால மூச்சு விடச் சொல்றீங்களா? குடுங்க சாவியை!"

சாவி அவள் தங்கை கைக்குப் போனது. "அத்தான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் அவள். "சந்து விட்டு."

வேண்டிய அளவு விரிந்ததும் திருகுவதை நிறுத்தினார்கள். மாதங்கள் போயின. உள்ளே எலும்பு வளர்ந்தது. பற்கள் மெல்ல நெருங்கி வந்தன. யாரும் பட்டி பூசவில்லை. அம்மாள் இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறாள். பட்டிக்காரருக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. குறட்டை இருந்த இடம் காலியாகக் கிடக்கிறதே! கடைசியில் அதையும் அவரே குறட்டை விட்டு அடைத்தார்.

நீங்கள் இந்த இனமில்லை; தெரியும். இருந்தாலும் ஒரு சின்னச் சோதனை. அடுத்த வாக்கியத்தை வேண்டுமென்றே பாதியில் விடுகிறேன். கை வைக்காமல் தாண்டிப் போங்கள் பார்ப்போம்: அப்படியானால் நீங்களும் ஒரு...

பார்த்தீர்களா? அடைத்துவிட்டீர்கள்!