காற்புள்ளியில் விடுபட்டவர்கள்

துக்கத்தில் இருப்பவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. அதைக் கற்பித்தே பிழைத்தவனிடம் நிச்சயமாகக் கொடுக்கக் கூடாது.

என் மனைவி எஸ்தரின் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அவளுடைய தோழிகள் ஒருவர் விடாமல் வர வேண்டும். அவளுக்கு நான் செய்ய மீதமிருந்த மரியாதை அது ஒன்றுதான். சொந்தங்களுக்கு அவள் தங்கை சாந்தி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"அக்கா போனைக் குடுங்க மாமா. ஒவ்வொருத்தரா கூப்ட்டு சொல்லிடறேன்."

அவள் இறந்த செய்தியை என் வீட்டுக்குள் யாரோ திரும்பத் திரும்ப உரக்கச் சொல்வதைக் கேட்கும் திராணி எனக்கில்லை. (அதைச் சொல்லியிருக்கலாம். "அது ஒழுங்கான முறையில்லை" என்றேன்.)

போனில் இருந்த பெயர்களை எல்லாம் ஒரு கோப்பாக இறக்கினேன். வரிக்கு ஒருவர்: பெயர், காற்புள்ளி, எண். அதைப் படித்து எல்லோருக்கும் அழைப்பு அனுப்ப, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். பழுதான வரி வந்தால் நிரல் நின்றுவிடக் கூடாது, அதைத் தள்ளிவிட்டு மேலே போக வேண்டும். வகுப்பில் நான் ஆயுள் முழுவதும் ஓதிய வேதம் இது. ஒரு வரியில் காற்புள்ளி ஒன்றுக்கு மேல் இருந்தால் அது பழுது. நிரலில் பிழை பார்க்கும் கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை.

ஜெபத்தன்று எங்கள் செவிலிமேட்டு வீட்டின் முன் போட்ட பந்தலில், முதல் வரிசையில் கேஸ் சிலிண்டர் போடுபவர் அமர்ந்திருந்தார்.

"நம்மளையும் மதிச்சு கூப்ட்டுக்கிறீங்க சார். லோடை அப்படியே நிறுத்திட்டு வந்தேன்."

அவருக்குப் பின்னால் தண்ணீர் கேன்காரர், ஏசி மெக்கானிக், எங்களிடம் மனை விற்க முயன்று தோற்ற தரகர். "சகோதரியின் உயிர்த் தோழமைகளே" என்று போதகர் தொடங்கினார். தரகர் அடக்கமாகத் தலை குனிந்தார். (பிரியாணியை இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.) எஸ்தரின் தோழிகளில் ஒருவரும் வரவில்லை.

மாலையில், பள்ளியில் அவளோடு வேலை பார்த்த மல்லிகா டீச்சர் போன் செய்தார்.

"எத்தினி வருசம் ஒரே டப்பால சாப்ட்டோம் சார். கூரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்க மாட்டேனா? இன்னிக்கு ஜெபம்னு கேஸ்காரரு சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன்."

சாந்தி கோப்பைத் திறந்தாள். 'மல்லிகா, முட்டி வலி.' 'நூர்ஜஹான், பொண்ணுக்கு பிரசவம் தை மாசம்.' 'செல்வி, சுகர், ஸ்வீட் குடுக்காதே.' மனத்துக்கு நெருங்கியவர்களின் பெயருக்கெல்லாம் எஸ்தர் ஒரு காற்புள்ளியும் ஒரு கவலையும் சேர்த்திருந்தாள். கோப்பு அவற்றை மேற்கோள்குறிக்குள் பத்திரமாகவே வைத்திருந்தது. அதற்குள் வரும் காற்புள்ளி பெயரின் பகுதி, அதை எண்ணாதே என்று நான்தான் நிரலுக்குச் சொல்லவில்லை. அவள் நேசித்தவர்கள் அத்தனை பேரும் பழுது. மற்றவர்களுக்கு முறையான அழைப்பு.

"உங்க போனுக்கு வந்துச்சா மாமா அந்த மெசேஜ்?"

வந்திருந்தது. அகர வரிசையில் முதல் அழைப்பே எனக்குத்தான். 'அவர்' என்று என்னைப் போட்டிருந்தாள், பக்கத்தில் ஒன்றுமில்லை.

சாந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

இப்போது குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், "மாமாவுக்கு மொதல்ல வைங்கப்பா பத்திரிகையை. பழுதே இல்லாத ஆளு" என்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறேன்.