கோ நாமின் குளத்தில் நாங்கள் களை பிடுங்கிய ஞாயிறு

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது வருகிற உற்சாகம், முழுசாகத் தெரிந்த விஷயத்தில் வருவதில்லை. முழுசாகத் தெரிந்தவன் யோசிப்பான், தயங்குவான், 'அப்படியும் சொல்லிவிட முடியாது' என்று இழுப்பான். எனக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. சைகோனில் நான் இயற்கை ஆர்வலராக வலம் வந்த ஐந்து வாரங்களில் ஒரு தடவைகூட எனக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை.

அப்போது டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்கிற வேலை. சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம் என்றாலும் எனக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு செருப்போடு முடிந்துவிடும். என் மகள் நிலாவுக்குப் பதினொரு வயது. ஒருநாள் பேச்சுவாக்கில், தவளையை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "எந்த கேம்ல?" என்றாள். அந்த வாரமே 'பசுமை வாசகர் வட்டம்' தொடங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை, எங்கள் வீட்டு வரவேற்பறை, பத்துத் தமிழ்க் குழந்தைகள். சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறைய மரம், பறவை, ஏரி பற்றிய சிறுவர் புத்தகங்களைக் கொண்டு வந்திருந்தேன். (அது என் மனைவி வள்ளி புளிக்கும் வடகத்துக்கும் ஒதுக்கி வைத்திருந்த பெட்டி. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் எலுமிச்சை ரசம்தான்.) பெற்றோர்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதே நேரத்தில் அபாகஸ் வகுப்பு ஒன்று இருந்தது. ஐந்து வாரம் பார்ப்பது, ஐந்தாவது வாரம் வெளியே அழைத்துப் போய் ஏதாவது செய்ய வைப்பது, பிள்ளைகள் மறுபடி வருகிறேன் என்று தாங்களாகச் சொன்னால் வட்டம் தொடரும், இல்லாவிட்டால் எல்லோரும் அபாகஸ். இதுதான் ஒப்பந்தம். வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்துப் பேர் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை விடுவதற்கு எனக்கு மனசில்லை.

நான்கு வாரம் படித்தோம். நன்றாகவே போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். நானே ஒரு கையேடு எழுதினேன். பன்னிரண்டு பக்கம், ஆபீஸ் ஜெராக்ஸ். 'நீர்நிலைகளின் எதிரிகள்' என்று தலைப்பு. முதல் எதிரி, நெய்வேலிக் காட்டாமணக்கு. நம் ஊரில் அது பிடிக்காத கண்மாய் கிடையாது. வெளிறிய ஊதாவில் புனல் மாதிரி பூக்கும். பார்க்க அழகு, குளத்தைக் குடித்துவிடும். கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாமில் பத்து நாள் அதைப் பிடுங்கியவன் நான் என்று முன்னுரையில் எழுதியிருந்தேன். (எட்டு நாள் எனக்கு டீ வாங்கி வருகிற வேலை. அதை எழுதவில்லை.) பூவின் படத்தையும் நானே வரைந்திருந்தேன். வள்ளி அதைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியை எதற்கு வரைந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஹொக் மோன் பக்கம் ஒரு கிடங்குக்கு பைக்கில் போனபோதுதான் அந்தக் குளத்தைப் பார்த்தேன். ரோட்டோரம், முழங்கால் ஆழம் இருக்கலாம். தண்ணீரே தெரியாமல் பச்சை. ஓரமெல்லாம் வெளிறிய ஊதாப் பூ, புனல் மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டதே என்று வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். ஐந்தாவது ஞாயிறுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஒரு வேன், பத்து ஜோடி ரப்பர் கையுறை, என் கழுத்தில் ஒரு விசில். குளக்கரையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உரை நிகழ்த்தினேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. செடிகள் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக நின்றன. அதைச் சுட்டிக்காட்டி, எதிரி எவ்வளவு ஒழுங்காக முன்னேறியிருக்கிறான் பாருங்கள் என்றேன். கரையில் ஒரு கூம்புத் தொப்பியும் அரிவாளும், வாழைநாரால் கட்டிய நாலைந்து கட்டுகளும் கிடந்தன. நமக்கு முன்பே யாரோ நல்லவர் இந்தப் பணியைத் தொடங்கிவிட்டுக் களைத்துப் போயிருக்கிறார், நாம்தான் முடிக்க வேண்டும் என்றேன்.

ஆயிஷா கையைத் தூக்கினாள். பத்து வயது. அவள் அப்பா காரைக்கால்காரர், அம்மா இந்த ஊர்க்காரர். வீட்டில் மூன்று மொழி ஓடும். நான் அவளைப் பார்த்து, சந்தேகங்கள் எல்லாம் கடைசியில் என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினேன்.

குழந்தைகள் சேற்றில் இறங்கினால் எப்படி வேலை செய்வார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்ணீராகிவிட்டது. கரையில் என் இடுப்பு உயரத்துக்குக் குவியல். நிலா முகமெல்லாம் சேறு, சிரிப்பு. நடுவில் சில தண்டுகளில் ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டைகள் ஒட்டியிருந்தன. மணி மணியாக, பார்க்கவே கொள்ளை அழகு. உடனே விசில் ஊதி வேலையை நிறுத்தினேன். எந்த உயிரையும் அழிக்க நமக்கு உரிமை இல்லை என்று சொல்லி, அந்தத் தண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து நிழலான இடத்தில் பத்திரமாக நட்டு வைக்கச் சொன்னேன். ஆயிஷா மறுபடி கையைத் தூக்கினாள். நான் கடைசியில் என்று சைகை காட்டினேன்.

அப்போது ஒரு ஹோண்டா வந்து நின்றது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பூப்போட்ட சட்டை போட்ட ஓர் அம்மாள் இறங்கினார். கத்தவில்லை. குவியலைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பத்துப் பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் விசிலைப் பார்த்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கையை நீட்டிக்கொண்டே கரையேறினேன். அவர் என் கையைத் தொடாமல் மெதுவாக ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த வியட்நாம் மொழியில் நன்றி, மன்னிக்கவும், காரம் வேண்டாம் ஆகிய மூன்றும்தான் உண்டு. வேறு வழியில்லாமல் ஆயிஷாவைப் பார்த்தேன்.

"இது அவங்க தோட்டமாம் அங்கிள். இன்னிக்கு சாயங்காலம் அறுத்து சந்தைக்குக் கொண்டுபோறதா இருந்தாங்களாம். ஏன் பிடுங்கினீங்கன்னு கேக்குறாங்க."

தோட்டமா, இந்தக் களையா என்று கேட்டேன்.

"களை இல்ல அங்கிள். ராவ் முவோங். போன வாரம் உங்க வீட்ல ஆன்ட்டி பூண்டு போட்டு வதக்கித் தந்தாங்களே, அந்தக் கீரை. நீங்க ரெண்டு தடவை கேட்டு வாங்கினீங்க. இதச் சொல்லத்தான் நான் அப்பவே கை தூக்குனேன்."

இரண்டு வருடமாக மதியம் நான் சாப்பிட்ட கீரை. இந்த ஊரில் அதைச் சாப்பிடாத வீடு இல்லை. ஆபீஸ் கேன்டீனில் எனக்காகத் தனியாக எடுத்து வைப்பார்கள். தட்டில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும்; வேரோடும் பூவோடும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அறுக்காமல் விட்டால் அது பூக்கும், அந்தப் பூ ஏறக்குறைய காட்டாமணக்குப் பூ மாதிரியே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? (நம் ஊரிலும் வள்ளைக்கீரை என்று இது உண்டு என வள்ளி பிறகு சொன்னாள். எனக்கு அதுவும் தெரியாது.)

"சின் லோய்" என்றேன். மன்னிக்கவும் என்று அர்த்தம். மறுபடி சொன்னேன். அந்த அம்மாள் பதில் சொல்லும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். நிலா என்னைப் பார்க்காமல் தன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வட்டம் போனால் போகட்டும், இந்த அம்மாளின் பல வாரத்து உழைப்பைப் பத்துக் குழந்தைகளை வைத்து அல்லவா பிடுங்கி எறிந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அரிவாளால் நுனியை நறுக்கி ஒரு பக்கம் வைத்தார். மீதித் தண்டில் ஒரு சாண் அளவு வெட்டிக் குளத்தில் இறங்கிச் சாய்வாகச் சேற்றில் செருகினார். பிறகு என்னைப் பார்க்காமல் ஆயிஷாவிடம் பேசினார்.

"இது தண்டை நட்டாலே வந்துடுமாம் அங்கிள். நுனியெல்லாம் அவங்க சந்தைக்குக் கட்டிக்குவாங்களாம். மிச்சத்த பிடுங்கினவங்களே நட்டுட்டுப் போகணுமாம்."

அவர் பெயர் கோ நாம். இந்தப் பக்கம் பிறந்த வரிசையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் அத்தை என்று வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வரை நட்டோம். நடுவில் மழை கொட்டியது, யாரும் கரையேறவில்லை. கணு சேற்றுக்குள் இருக்க வேண்டும், தலைகீழாக நடக்கூடாது, கால் வைத்த இடத்தில் மறுபடி கால் வைக்கக்கூடாது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள். நான் நட்டதையெல்லாம் கோ நாம் பின்னாலேயே வந்து பிடுங்கி மறுபடி நட்டார். கடைசியில் ஆயிஷா மூலம் என்னைக் கரையில் உட்கார்ந்து கட்டுக் கட்டச் சொன்னார். கட்டும் அவிழ்ந்தது.

இலைக்கு அடியில் மீன் குஞ்சுகள் ஒளிந்திருப்பதை அவர்தான் காட்டினார். நிலா ஒரு தவளையைக் கையில் பிடித்துவிட்டு அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். அப்புறம் கோ நாமின் பார்வை நிழலில் வரிசையாக நட்டு வைத்திருந்த ரோஜா நிற முட்டைகள் மேல் விழுந்தது. முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். அவை எங்கிருந்தோ இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு நத்தையின் முட்டைகளாம். வயலென்றும் குளமென்றும் பார்க்காமல் இளந்தளிரையெல்லாம் தின்று தீர்க்குமாம். என் கையேட்டின் பன்னிரண்டு பக்கத்திலும் அது இல்லை. பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நத்தையைப் பாதுகாத்த ஆள் யார் என்று கோ நாம் கேட்க, பத்து விரல்கள் என் பக்கம் நீண்டன. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நிலாதான் எல்லோரையும் விடச் சத்தமாக. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சேற்றுப் பொம்மைகளாக வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கீரைக்கட்டு, கோ நாம் கொடுத்தது. வாசலில் காத்திருந்த பெற்றோர்கள் முகத்தைப் பார்த்ததும் அபாகஸ் ஆசிரியருக்கு மனசுக்குள் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். ஆனால் பிள்ளைகள் யாரையும் பேசவிடவில்லை. அடுத்த ஞாயிறு நத்தை முட்டை பொறுக்க வருகிறோம் என்று கோ நாமிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். பத்துப் பேரும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வட்டம் நாங்கள் ஊர் திரும்பும் வரை மூன்று வருடம் நடந்தது. புத்தகம் வாசிப்பது என் வீட்டில், மற்றதெல்லாம் கோ நாமின் குளத்தில். கையேட்டின் இரண்டாம் பதிப்பைப் பிள்ளைகளே எழுதினார்கள். பூவை ஆயிஷா வரைந்தாள். பூ மாதிரியே இருந்தது.

நிலா இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிறு காலை வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் ஓர் ஏரி, கரை முழுக்கக் காட்டாமணக்கு, அவளோடு இருபது முப்பது மாணவர்கள். நிச்சயமாகக் களைதானா, யாரிடமாவது கேட்டாயா என்றேன்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டாச்சுப்பா. உங்க கதையையும் சொன்னேன். அதக் கேட்டதுக்கப்புறம்தான், எதுக்கும் இருக்கட்டும்னு எங்க கூடவே ஒரு ஆளை அனுப்பி வச்சிருக்காங்க" என்று சொல்லி, கேமராவைத் திருப்பினாள். கரையில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, உற்றுப் பார்த்து, "ஓ, இவருதானா?" என்றார்.